இடது காலுக்கு ஒரு ஜோடி

இலங்கை மலைநாட்டில், சாக்குமலைத் தேயிலைத் தோட்டத்து நல்லையாவுக்கு ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் ஜோடிப் பொருத்தம் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அது காலையில் ஆள் எண்ணும் ஒரு பெரட்டுக்கும் மறு பெரட்டுக்கும் நடுவில் அவசர அவசரமாக முடிந்துபோன காரியம். பொருத்தம் பார்த்தது அவனுடைய இடது காலுக்கு. பார்த்தது ஆஸ்பத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஹல்துமுல்லைக்கும் பதுளைக்கும் நடுவில் எங்கேயோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைக்கிற ஆஸ்பத்திரி அது இல்லை.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தபோது மம்பட்டி வழுக்கி, நல்லையாவின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்புவரை இறங்கிவிட்டது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டான். கங்காணி மனசிரங்கிப் புகையிலைச் சாறு ஊற்றினார். அதற்கு மம்பட்டியே தேவலை என்று ஆகிவிட்டது. மூன்று மாதமாகியும் புண் ஆறாமல் சீழ் வடிந்தது. தோட்டத்துச் சட்டமோ சின்னது, மறக்க முடியாதது: பெரட்டில் வந்து நிற்காதவனுக்குச் செக்ரோல் பேரேட்டில் பேர் கிடையாது, பேர் இல்லாதவனுக்கு லயத்து வரிசைவீட்டில் காம்பரா கிடையாது. காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் அவன், பெண்சாதி பேச்சாயி, மூன்று பிள்ளைகள், ஒரு அம்மிக்கல். ஆக, அத்தனை பேரும் குடியிருந்தது அந்த ஒரு இடது காலின்மேல்தான்.

காலோடு திரும்பி வந்தால் பேர் இருக்கும் என்று கங்காணி சொல்ல, மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் கிரம்ப்டன் தொரை புண்ணைக் கம்பியால் தட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அம்பலவாணர் அதைத் தமிழாக்கினார்.

"எலும்பிலை ஒரு துண்டு செத்துப்போச்சுதாம். கீறிச் சுரண்டி எடுக்கவேணும். சுணங்கினால் காலையே எடுக்கவேண்டி வருமாம்."

"அப்ப இன்னைக்கே கீறிடச் சொல்லுங்க சாமி!"

"பொறும். உம்மடை ஜோடி எங்கை?"

"அவ தோட்டத்துல இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க வேற."

"பெண்சாதியைக் கேக்கேல்லை. காலுக்கு ஜோடி!"

நல்லையா தன் வலது காலைக் காட்டினான். அம்பலவாணர் தலையிலடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். முதுகுத்தண்டின் அடியில் ஊசி குத்தி ஒரு மருந்தை ஏற்றினால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ஆள் விழித்திருப்பான், கால் மட்டும் தூங்கும். அந்த மருந்தில் இரண்டு சாதி இருந்தது. ஸ்டோவெயின் என்றால் கிரம்ப்டன் தொரைக்கு உயிர். பிடித்தால் விடாது, நெடுநேரம் நிற்கும் என்பார். நோவொகெயின் என்றால் சின்ன டாக்டர் யான்ஸுக்கு உயிர். உடம்புக்குப் பதமானது, தலை கிறுகிறுக்காது என்பார். யான்ஸ் இங்கேயே பிறந்து கொழும்பில் படித்த பறங்கி டாக்டர். தொரையின் சொல்லுக்கு மறுசொல் சொல்லுகிற துணிச்சல் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக இருவரும் ஒரே மேசையில் தேத்தண்ணீர் குடித்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். கடைசியில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை அனுப்பவும், ஒப்பீடு சரிசமமாக இருக்கவேண்டும்.

கிரம்ப்டன் தொரை கட்டிலின் கால்மாட்டில் நின்று சின்னப் பிரசங்கம் ஒன்று செய்தார். "ஒரு மனிதனின் காலைக் கீறினால் அது வெறும் வைத்தியம். இரண்டு மனிதர்களின் ஒரே மாதிரியான காலை ஒரே நேரத்தில் கீறினால்தான் அது ஆராய்ச்சி. அந்த வைத்தியத்தைப் பச்சிலை அரைக்கிற நாட்டுவைத்தியனும் செய்வான். நாங்கள் அந்த நிலையைத் தாண்டி வந்துவிட்டோம்."

ஜோடிக்கு இலட்சணங்களும் எழுதிவைத்திருந்தார்கள். ஆண்பிள்ளையாக இருக்கவேண்டும். வயது இரண்டொன்று முன்பின்னாக இருக்கலாம். இடது கால், முழங்காலுக்குக் கீழே, எலும்பைத் தொட்ட புண், ஆறு மாதத்துக்கு மேற்படாதது.

"ஆஸ்பத்திரியில தேடித் தரமாட்டாங்களா?" என்று கேட்டான் நல்லையா.

"தேடுறதுக்கு மேலிடத்து ஓடர் இல்லை. தேடாமல் வந்தால் பதியிறதுக்குத்தான் ஓடர்," என்றார் அம்பலவாணர்.

பேச்சாயி தேடப் புறப்பட்டாள். புருஷனின் கால் நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி, புண் இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு. பெண் கேட்கப் போகிறவள் மாதிரி லயம் லயமாக ஏறி இறங்கினாள். கொஸ்லந்தைப் பக்கம் ஒருவன் கிடைத்தான், எல்லாம் பொருந்தியது, ஆனால் வலது கால். "குப்புறப் படுத்துக்கிட்டா எடது மாதிரிதானே இருக்கும்?" என்று அவனும் ஆனமட்டும் எடுத்துச் சொன்னான். இன்னொரு தோட்டத்தில் கயிறு அச்சாகப் பொருந்திய ஒரு கால் இருந்தது. அதற்குச் சொந்தக்காரி மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றாவது இடத்தில் எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் கேட்டார்: "ஒங்க வீட்டுக் காலு எந்தப் பக்கத்துக் காலு?" திருச்சிப் பக்கம் என்றாள். "நாங்க மதுரைப் பக்கம். ரெண்டையும் ஒரே மேசையில போட்டா நாளைக்கு எங்க சனம் என்னா சொல்லும்?" என்று வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் பதுளைக் கடைத்தெருவில், கருவாட்டுக் கடை ஜௌபரைக் கண்டாள். உப்பு மூட்டை ஏற்றிய வண்டிச் சக்கரம் ஏறி நாலு மாதமாய் ஆறாத இடது காலை அவர் ஒரு சோப்புப் பெட்டிமேல் நீட்டி வைத்திருந்தார். பேச்சாயி தட்டைக் கீழே வைத்தாள். நேரே போய் உட்கார்ந்து கயிற்றை வைத்தாள். முடிச்சு புண்ணின்மேல் வந்து நின்றது.

"என்ன புள்ள இது? கருவாடு அளக்க வந்தியா, என்னை அளக்க வந்தியா?"

"மொதலாளி, எங்க வூட்டுக்காரரு காலுக்கு ஒங்க காலைக் கேட்டு வந்திருக்கேங்க," என்று தட்டை நீட்டினாள் பேச்சாயி.

ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் கேட்டு ஜௌபர் மிரண்டுபோனார். காலைப் பெட்டியிலிருந்து இழுத்துக்கொண்டார். பதில் வந்தது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த அவர் மனைவி ஸகீனாவிடமிருந்து. "நாலு மாசமா எண்ணெயும் கஷாயமும் ஊத்தி வீடே நாறுது. மத்தக் காலும் போனா யார் கடையில நிக்கிற? வெத்திலையை எடுங்க மனிசன்!"

அவர் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் தடபுடலான வரவேற்பு. வயது பொருந்தியது, கால் பொருந்தியது, பக்கம் பொருந்தியது. கிரம்ப்டன் தொரையும் யான்ஸும் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையாட்டினார்கள். பிறகு இருவரையும் தராசில் ஏற்றினார்கள். நல்லையா எண்பத்தேழு ராத்தல். ஜௌபர் நூற்றெழுபத்துநாலு ராத்தல்.

"இரட்டிப்பு," என்றார் யான்ஸ்.

"சரிசமம் இல்லை," என்றார் கிரம்ப்டன். மருந்தளவு உடம்புக்குத் தக்கபடி மாறுமாம்; மாறினால் ஒப்பிட முடியாதாம். ஆகவே, இருவரும் நூற்றுமுப்பது ராத்தலுக்கு வந்து சேரும்வரை கத்தி வைக்கக்கூடாது என்று உத்தரவானது.

அன்று மத்தியானம் நல்லையாவின் முன்னால் ஒரு தட்டு வந்து இறங்கியது. சோறு, மீன்குழம்பு, ஆட்டெலும்புச் சாறு, இரண்டு அவித்த முட்டை, ஒரு கோப்பை பால். யாருக்கோ வந்தது தவறி வந்துவிட்டது என்று அவன் அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவைத்தான். உனக்குத்தான் என்று திரும்பி வந்தது. அவன் ஜௌபர் பக்கம் குனிந்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"நானா, வெட்டப்போற கெடாவுக்குத்தானே இப்பிடிப் போடுவாங்க?"

அடுத்த கட்டிலில் இருந்த ஜௌபருக்கு வந்தது வேறு. அவர் கையில் ஒரு கோப்பைக் கஞ்சித்தண்ணி இருந்தது. அதையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நோம்புக்குப் பசி கெடந்தா நன்மை ஈக்குது. இந்தத் தராசுக்குப் பசி கெடந்து எனக்கு என்ன கெடைக்கப் போகுது?" என்று அம்பலவாணரைக் கேட்டார்.

"அது தெரியாது. ஆனால் நீர் அவரின்ரை தட்டைப் பாக்கிறீர். பாக்கிறதுக்குத் தடை இல்லை. மோந்து பாக்கலாமோ எண்டு கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறம்."

நாளும் பொழுதும் போனது. புண்ணைத் தினமும் கழுவிக் கட்டினார்கள். ஆராய்ச்சி முடியும்வரை புண் மாறாமல் இருக்கவேண்டும் என்பது உத்தரவு. கழுவினால் மாறாது என்று யாரோ நம்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சாயி பத்து மைல் நடந்து வருவாள். நல்லையா அன்றைய முட்டை இரண்டையும் துணியில் சுருட்டி அவள் மடியில் போடுவான். பிள்ளைகள் முட்டையைத் தின்னாமல் ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அவள் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திங்கட்கிழமைகளில் தராசு ஏறவே மாட்டேன் என்றது. விசாரணை வைத்தார்கள். முட்டை போன வழி தெரிந்தது. கிரம்ப்டன் தொரை அன்று உண்மையிலேயே மனம் நொந்துபோனார்.

"அந்த முட்டை உன்னுடையதும் இல்லை, உன் பிள்ளைகளுடையதும் இல்லை. அது ஆராய்ச்சிக்குச் சொந்தமானது. பசித்த பிள்ளைகள் இந்த மலைநாடு முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முட்டை கொடுத்தால் ஒப்பிடுவதற்கு யார் மிஞ்சுவார்கள்?"

"பிள்ளைங்க நெனைப்பு வந்தா எனக்குத் தொண்டையில எறங்கலீங்க தொரை," என்றான் நல்லையா.

தொண்டையில் கோளாறு என்று எழுதிக்கொண்டு, தொண்டையைச் சோதிக்க உத்தரவிட்டார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு முட்டையை அவன் விழுங்கி முடிக்கும்வரை ஒரு ஆள் பக்கத்திலேயே நின்றான். ஆனால் ஸகீனா புருஷனுக்கென்று கொடுத்தனுப்பிய சோற்றுப் பொட்டலங்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. கருவாடும் தேங்காய்ச் சம்பலுமாய், வாரா வாரம், தலையணைக்கு அடியில் தின்னப்படாமல் கிடந்த அவற்றை ஜௌபர் பேச்சாயியின் பக்கம் நகர்த்திவிடுவார். "கொண்டு போ புள்ள. எனக்குத்தான் தின்ன ஏலாது, என்ட மூக்குத் தின்டு முடிச்சிட்ட," என்பார்.

பத்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் சரியாக நூற்றுமுப்பதில் சந்தித்தார்கள். ஆனால் கத்தி வைக்க அனுமதிக்கும் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நல்லையா நூற்றுமுப்பத்துமூன்று, ஜௌபர் நூற்றிருபத்தேழு. உடனே கஞ்சித்தண்ணி இந்தக் கட்டிலுக்கும் ஆட்டெலும்பு அந்தக் கட்டிலுக்கும் மாறின. ஜௌபர் அன்று சாப்பிட்ட வேகத்தில் மறு வெள்ளிக்கிழமை தராசு நடுங்கிக்கொண்டே சமமாக நின்றது.

ஒருவழியாக நாள் வந்தது. இருவரையும் முதுகை வளைத்து உட்காரவைத்து ஊசி குத்தினார்கள். ஜௌபருக்கு ஸ்டோவெயின், நல்லையாவுக்கு நோவொகெயின். கொஞ்ச நேரத்தில் நல்லையாவின் கால்கள் சூடாகி, கனத்து, யாரோ வேறொருவனுடைய கால்களைக் கொண்டுவந்து இடுப்பில் ஒட்டிவிட்டது மாதிரி ஆயின. யான்ஸ் ஊசிமுனையால் பாதத்தில் குத்தினார்.

"நோகுதோ எண்டு கேக்கிறார்," என்றார் அம்பலவாணர்.

தொரைமார் கேட்டால் மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. "தொரைக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிங்க," என்றான் நல்லையா.

"ஓம் எண்டு சொல்லும், இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லும்!"

"ஆமாங்க. இல்லீங்க."

கிரம்ப்டன் ஜௌபரைக் குத்தினார். ஜௌபர் பதினைந்து வருஷம் கடை வைத்தவர். எடுத்தவுடன் ஒரே விலை சொல்ல அவருக்கு வராது. "முழுசா நோவல்ல என்டு சொல்ல ஏலாது. காவாசி நோவுது. தொரை வற்புறுத்தினா அரைக்காவாசிக்குக் கொறச்சுக்கலாம்."

இரண்டும் பத்திரமாகப் பதிவாயின.

அப்போதுதான் ஒரு சங்கதி எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு காலையும் ஒரே நேரத்தில் கீறவேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஒரே மேசை. முதலில் யாரைக் கீறுவது? முதலில் கீறினால் என் மருந்து ஊற நேரமில்லாமல் போகும் என்றார் கிரம்ப்டன். பிறகு கீறினால் என் மருந்து தெளிந்துவிடும் என்றார் யான்ஸ். சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அலமாரிச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்கள். இருவரும் கை கழுவினார்கள், பேசினார்கள், மறுபடி கை கழுவினார்கள்.

"கீறிடுங்க தொரை!" என்று நல்லையா மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் கிடந்து கத்தினான். "இப்ப ஒண்ணுமே தெரியல. என் காம்பரா போயிரும் தொரை, பிள்ளைங்க ரோட்டுல நிக்கும். யாரு மொதல்லன்னாலும் சரி, கீறிடுங்க!"

"இடைக்கிடை கதைக்கவேண்டாம். கமிட்டி நடக்குது," என்றார் அம்பலவாணர்.

நல்லையாவின் பெருவிரல் ஆடியது. கிரம்ப்டன் தொரை பாய்ந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துபோனது. "ஐம்பத்தைந்து நிமிடம்! எழுதிக்கொள்ளும். நோவொகெயின் முடிந்தது."

"அப்படியானால் ஸ்டோவெயின் ஆளையாவது உடனே கீறுங்கள்," என்றார் யான்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கீறினால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று சொல்லி, கிரம்ப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஜௌபரின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நூறாவது நிமிடத்தில் அது ஆடியது. தொரை எழுந்து எல்லாருடனும் கைகுலுக்கினார். கீறுவதற்கு அப்போது மரத்த கால் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த கமிட்டி ஒரு மாதம் கழித்து என்று முடிவானது.

அன்று நல்லையா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஊசியால் வந்த தலைவலி நாலு நாள் இருவரையும் போட்டுப் பிளந்தது. அந்த மாதம் முழுவதும் எழுந்திருக்கக்கூடாது, எடை மாறக்கூடாது என்பதால் இருவருக்கும் ஒரே சாப்பாடு வந்தது. பதினெட்டாம் நாள் காலை, புண்ணைக் கழுவும்போது எனாமல் தட்டில் டங் என்று ஏதோ விழுந்தது. சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு எலும்புத் துண்டு. செத்த எலும்பு தானாகவே கழன்று வெளியே வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, ஜோடி அல்லவா, ஜௌபருடையதும் வந்தது. சீழ் நின்றது. புண் வாய் மூடிக்கொண்டது.

கிரம்ப்டன் தொரை தட்டை நெடுநேரம் பார்த்தார். "யாருடைய உத்தரவில் இது வெளியே வந்தது?" என்று கேட்டார்.

உத்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிக்கை போகத்தான் வேண்டும், போனது. சத்திரசிகிச்சையின்போது வலி: இருவருக்கும் இல்லை. இரத்தச் சேதம்: இல்லை. கால்: இரண்டும் தப்பின. இரண்டு மருந்தும் சமம், நேரத்தில் மட்டும் ஸ்டோவெயின் மேல். அடியில் யான்ஸ் தனிக் குறிப்பு எழுதியிருந்தார்: நோவொகெயின் ஆளின் எலும்பு ஒரு வாரம் முந்தி வந்ததால் நோவொகெயினே மேல். ஆகையால் மேலும் இருபத்துநாலு ஜோடி தேவை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

நல்லையா இரண்டு காலில் நடந்து தோட்டத்துக்குப் போனான். மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது "ஆஜர்" என்று அவன் போட்ட சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். பேச்சாயி பெண்கள் வரிசையில் நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காம்பரா நிலைத்தது. அத்தோடு லயம் முழுவதும் நல்லையாவின் கெண்டைக்காலைப் பற்றித்தான் பேச்சு. தோட்டத்தில் அப்படிச் சதை பிடித்த கெண்டைக்காலை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முட்டையாம், ஆட்டெலும்பாம், வேலைக்குப் போகாமல் மெத்தையில் படுக்கையாம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பனி விலகாத காலைப் பெரட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைத் தோட்டத் தொரை வாசித்தார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் கத்தினார். "எடது கால்ல முழங்காலுக்குக் கீழ எலும்புப் புண்ணு உள்ள ஆம்பளைங்க முன்னால வரணும். ஆஸ்பத்திரியில ஜோடி ஜோடியா வச்சிப் பாக்கணுமாம்."

எல்லாக் கண்ணும் நல்லையாவின் கெண்டைக்காலுக்குப் போய்த் திரும்பியது. பிறகு ஆண்கள் வரிசை முழுவதும், ஒருவர் பாக்கியில்லாமல், இடது காலை எடுத்து முன்னால் வைத்தது. பேச்சாயியின் கை தானாக இடுப்பிலிருந்த கயிற்றுக்குப் போனது.

கணக்கப்பிள்ளை வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். எல்லாக் காலும் மெலிந்திருந்தது, எந்தக் காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.

"புண்ணு எங்கடா?" என்று கேட்டார்.

"இனிமேத்தாங்க ஐயா," என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் பணிவாகச் சொன்னான். "மம்பட்டி கையிலதானே இருக்கு."